நாலாம் படுக்கையின் சத்தம்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் நிற்கிற பேரின்பா மருத்துவக் கல்லூரியில், நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் தொட்ட பின்பும் கைகழுவ வேண்டும் என்பது கண்டிப்பான விதி. கழுவப் பளிங்குத் தொட்டி உண்டு. கையை நீட்டினால் தானே கொட்டும் குழாய் உண்டு. எப்படிக் கழுவுவது என்று சொல்லித்தர ஒரு பேராசிரியரும் உண்டு. இரண்டு கழுவலுக்கும் நடுவில் தொடுவதற்குத்தான் நோயாளி இல்லை.

சுற்றுவட்டார சனங்கள் உடம்புக்கு முடியவில்லை என்றால் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கோ திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ போய்விடுவார்கள். பேரின்பாவைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் கட்டிய கல்யாண மண்டபம் என்று நினைத்துக்கொள்வார்கள். கல்லூரிக்கு அனுமதி தருகிற ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வேன்களில் ஆள் வரும். முதல் வேனுக்கு மஞ்சள் காமாலை, இரண்டாவது வேனுக்கு எலும்பு முறிவு. தாமதமாக வருகிறவர்களுக்கு மனநலப் பிரிவு. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குணமாகி வேன் ஏறிப் போய்விடுவார்கள்.

மரக்காணத்துக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வந்து சேர்ந்த மாணவி தமிழ்மொழி, கடைசி ஆண்டு வந்தும் ஒரு மனித உடம்பில் ஊசி போட்டதில்லை. கேன்டீன் வாழைப்பழத்தில் போட்டிருக்கிறாள். செய்முறைக் கூடத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய ரப்பர் பொம்மை ஒன்று இருந்தது. அதற்கு மூச்சு வரும், நாடி துடிக்கும், வேர்க்கக்கூடச் செய்யும் என்றார்கள். கை பட்டால் பாழாகிவிடும் என்று அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மாணவர்கள் வரிசையாக நின்று கண்ணாடியைத் தொட்டுப் பழகினார்கள். வீட்டுக்குப் போனால் அம்மா, "எத்தினி பேருக்கு வைத்தியம் பாத்தே?" என்று ஆசையாகக் கேட்பாள். தமிழ்மொழி பேச்சை மாற்றிவிடுவாள். அவளுக்கு அவமானமாக இருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு நிஜ நோயாளி இருந்தார். நாலாம் படுக்கை சின்னக்கண்ணு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கி, இரத்தம் அதன் வழியே போகும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதிலிருந்து பிசகாமல் அப்படியே இருந்ததால், அவரைக் கல்லூரி கண்ணுக்குள் வைத்துக் காத்துவந்தது. சாப்பாடு இலவசம். மனைவி பொன்னிக்கு அதே வார்டில் கூட்டித் துடைக்கிற வேலை. வருஷத்துக்கு ஒரு தரம் தீபாவளிக்கு லீவு.

காலையில் மருத்துவத் துறைத் தலைவர் டாக்டர் ராஜசேகர் பரிவாரத்தோடு வருவார். அவர் பின்னால் இணைப் பேராசிரியர், துணைப் பேராசிரியர், அவர்களுக்குப் பின்னால் மாணவர் கூட்டம். ராஜசேகர் ஸ்டெதஸ்கோப்பைச் சின்னக்கண்ணுவின் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடுவார். கச்சேரி கேட்கிறவர்போல் தலையாட்டுவார். "ஆகா. கேக்குதா?" என்பார். முன்வரிசை, "கேக்குது சார்" என்னும். பின்வரிசைக்குச் சின்னக்கண்ணுவின் கால் பெருவிரல் மட்டும் தெரியும். பின்வரிசையும், "கேக்குது சார்" என்னும்.

குள்ளமான தமிழ்மொழி நெடுநாள் பின்வரிசைதான். ஒருநாள் மத்தியானம் வார்டில் யாரும் இல்லாதபோது தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டாள், "அண்ணே, நான் ஒரு தடவை வெச்சுப் பாக்கட்டா?"

"ஊரே பாக்குது. நீ பாத்தா தேஞ்சா பூடுவேன்? வை பாப்பா."

வைத்தாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, இடம் மாற்றி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இரண்டு துடிப்புக்கும் நடுவே, தூரக்கடலில் படகு இன்ஜின் உறுமுகிற மாதிரி, தணிந்த ஒரு சத்தம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நோயைத் தன் காதால் கேட்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் அவர் முகத்தைப் பார்த்தபோதுதான், திரும்பிப் படுத்ததற்கே அவருக்கு மூச்சு வாங்குவதைக் கவனித்தாள்.

மறுநாள் கைகழுவும் இடத்தில் ராஜசேகரிடம் கேட்டாள். "சார், அந்த வால்வை பலூன் விட்டு விரிச்சுட்டா சரியாயிடும்னு படிச்சேன். அவருக்கு ஏன் சார் செய்யல?"

ராஜசேகர் கையை நுரையோடு அப்படியே நிறுத்திவிட்டார். "சரியாயிட்டா?"

"சரியாயிட்டா வீட்டுக்குப் போயிடுவாரு சார்."

"சத்தம்?"

"சத்தமும் போயிடும் சார்."

"பாத்தியா, நீயே சொல்லிட்ட. ஒருத்தரைக் குணப்படுத்தினா ஒருத்தர்தாம்மா பொழைப்பாரு. குணப்படுத்தாம வெச்சிருந்தா எத்தனை டாக்டர் உருவாகலாம்! அந்த டாக்டருங்க எல்லாம் எத்தனை சின்னக்கண்ணுவைக் காப்பாத்துவாங்க! பெரிசா யோசிக்கணும்." சொல்லிவிட்டு விதிப்படி நகக்கண் வரை கழுவிக்கொண்டு போனார்.

தமிழ்மொழிக்குப் பெரிசாக யோசிக்க வரவில்லை. பொன்னியை மாடிப்படிக்கு அடியில் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். பொன்னி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "சரி பண்ற நோவா இது? அந்தாளு செத்துப்பூடுவாருன்னுல்ல நான் தெனம் அழுதுக்கினு கெடக்கறேன்."

அந்தத் தீபாவளிக்கு லீவில் போன சின்னக்கண்ணு, திருவாமாத்தூர் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லி லீவை நீட்டிக்கொண்டு, காதும் காதும் வைத்தாற்போல் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வால்வை விரித்துக்கொண்டார். பொங்கலுக்குள் மறுபடியும் கரும்பு வெட்டுக்குப் போய்விட்டார். "மாடி ஏறி எறங்கறாரு பாப்பா, மூச்சே வாங்கல" என்று பொன்னி வந்து சொன்னபோது தமிழ்மொழி ஆஸ்டல் கட்டிலில் குதித்தாள். ஆய்வுக்குழு வரப்போகிறது என்ற சேதி அதற்கப்புறம்தான் வந்தது.

கல்லூரி வேன் கரும்புத் தோட்டத்துக்கே போயிற்று. வரவில்லை என்றால் பொன்னிக்கு வேலை இல்லை, அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு நாள் படுத்தால் போதும் என்றார்கள். சின்னக்கண்ணுவும் வெட்டுக்கத்தியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வந்து நாலாம் படுக்கையில் படுத்தார்.

தமிழ்மொழி வார்டுக்கு ஓடிவந்து பின்வரிசையில் நின்றாள். சத்தம் இல்லை என்று தெரிந்ததும் என்ன ஆகும்? யார் சொன்னது, யார் அனுப்பியது என்று தோண்டுவார்கள். ராஜசேகர் பரிவாரத்தோடு வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கண்ணை மூடினார்.

"ஆகா" என்றார் ராஜசேகர். "லீவுல போயிட்டு வந்ததுல இன்னும் தெளிவா இருக்கு. கேக்குதா?"

"கேக்குது சார்."

முன்வரிசைக்கு முண்டியடித்துப் போய்த் தமிழ்மொழியும் வைத்துப் பார்த்தாள். சுத்தமான துடிப்பு. வேறு ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற அறைத்தோழி கலையரசியின் கையைக் கிள்ளி, "நிஜமா உனக்குக் கேட்டுதா?" என்று கிசுகிசுத்தாள்.

"மொதல்ல கேக்கல" என்றாள் கலையரசி. "சார் கேக்குதுன்னாரு. அப்புறம் கேட்டுது."

ஆய்வுக்குழுவுக்கும் கேட்டது. அவர்களில் ஒருவர் எலும்பு மருத்துவர், அவருக்கு இன்னும் நன்றாகக் கேட்டது. மகிழ்ந்துபோய்க் கல்லூரியின் மாணவர் இடங்களைக் கூட்டிக் கொடுத்தார்கள். பாராட்டு விழாவில் டீன் டாக்டர் விருத்தாசலம் பொன்னாடையோடு பேசினார்.

"எங்கள் கல்லூரியில் நோயாளி குறைவு என்று பொறாமைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், நோயாளி எதற்கு? நோயாளி வருவார், போவார். சில சமயம் செத்தும் போவார். அவரை நம்பி ஒரு கல்லூரியை நடத்த முடியுமா? நம் மாணவர்களின் கையைப் பாருங்கள். எவ்வளவு சுத்தம்! இந்த மாவட்டத்திலேயே ஒரு நோயாளிகூட இறக்காத கைகள் இவை!"

மாணவர்கள் அந்தக் கைகளைத் தட்டினார்கள்.

இடங்கள் கூடியதால் படுக்கைகளும் தினமும் நிரம்பியிருக்க வேண்டியதாயிற்று. இப்போது ஒலக்கூர் வேன் தினம் காலையில் வந்து மாலையில் திரும்பியது. சின்னக்கண்ணுவை மட்டும் யாரும் அனுப்பவில்லை. டீன் கையெழுத்துப் போட்டால்தான் டிஸ்சார்ஜ், நோய் இருக்கும்போது டீன் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? வார்டு வாசலில் காவலாளி ஒருவனைப் போட்டார்கள். நோய் இருப்பதால் மருந்தும் தொடங்கியது. சுருங்கிய வால்வுக்காரருக்குக் கொடுக்கிற மாத்திரைகள், வேளை தவறாமல், நர்ஸ் நின்று விழுங்கவைத்துவிட்டுப் போனாள்.

தமிழ்மொழி ராஜசேகரிடம் ஓடினாள். பயத்தில் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். "புதுச்சேரில சரி பண்ணிட்டாங்க சார். நாந்தான் போகச் சொன்னேன். என்ன தண்டனை வேணா குடுங்க. மாத்திரையை நிறுத்துங்க சார்."

ராஜசேகர் கோபப்படவே இல்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. "புதுச்சேரில சரி பண்ணா அது புதுச்சேரில சரிம்மா" என்றார் கனிவாக. "இங்க அவர் நம்ம பேஷன்ட்."

செய்முறைத் தேர்வு வந்தது. தமிழ்மொழிக்கு விழுந்தது நாலாம் படுக்கை. எதிரே ராஜசேகர், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் டாக்டர் சீனுவாசன், நடுவில் மேற்பார்வைக்கு டீன். சத்தம் கேட்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் தேறிவிடலாம், டாக்டராகிவிடலாம். அம்மா குப்பத்துக்கே சர்க்கரைப் பொங்கல் வைப்பாள். தமிழ்மொழி அதை நினைத்துக்கொண்டேதான் படுக்கைக்கு அருகே போனாள்.

சின்னக்கண்ணு இளைத்திருந்தார். "சோறு எறங்கல பாப்பா. பாத்தாலே வாந்தி வருது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்னு கேக்கறேன், சிரிக்காத. செவுத்துக்கு மஞ்ச பெயின்ட் அடிச்சாங்களா? உன் கோட்டுகூட மஞ்சளா தெரியுது" என்றார்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி மெதுவாக வந்தது. ஒன்று வந்து, அடுத்தது வருமா என்று காத்திருக்க வைத்து, வந்தது. அந்த மாத்திரை உடம்பில் தேங்கினால் இப்படித்தான் ஆகும் என்று அவள் படித்திருக்கிறாள். படித்தது இப்போது அவள் கைக்குள் துடித்தது.

"சத்தம் இல்ல சார்" என்றாள் தேர்வாளர்களிடம். "வால்வு சரியா இருக்கு. இவருக்கு மாத்திரைதான் நோய். நாடி எறங்கிக்கினே போவுது. இன்னிக்கே நிறுத்தலன்னா செத்துடுவாரு சார்."

பதற்றத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. சீனுவாசன் எழுந்துவந்து தன் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வெகுநேரம் கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார். அவர் நெற்றியில் சுருக்கம் விழுந்தது. தமிழ்மொழிக்கு உயிர் திரும்பி வந்தது.

"என்ன சார், கேட்கிறதா?" என்றார் டீன். "சாப்பாடு தயாராக இருக்கிறது. நண்டு மரக்காணத்திலிருந்து இன்று காலையில் வந்தது."

சீனுவாசன் ஒரு தரம் சின்னக்கண்ணுவைப் பார்த்தார், ஒரு தரம் டீனைப் பார்த்தார். "லேசா... கேக்குது" என்றார்.

"லேசாகவா?" என்றார் ராஜசேகர்.

"இல்ல இல்ல. நல்லாவே கேக்குது."

டீன் தமிழ்மொழி பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் நிஜமான பரிவு இருந்தது. "எல்லாருக்கும் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்கவில்லை. உன்னை ஃபெயில் போடுவது சுலபம். ஆனால் நாங்கள் மருத்துவர்கள். நோயைத் தண்டிக்க மாட்டோம்" என்றார். காது மூக்குத் தொண்டைப் பிரிவில் தொடங்கிய நாள் முதல் நிஜ நோயாளி ஒருவர்கூட இல்லை. சாப்பாட்டுக்கு முன்பே அவளை அங்கே அட்மிட் செய்துவிட்டார்கள். வெள்ளைக் கோட்டையும் கைப்பேசியையும் வாங்கிக்கொண்டு நோயாளிகளுக்கான பச்சை அங்கி கொடுத்தார்கள்.

அந்த வார்டில் நிஜ நோயாளி என்று அவள் மட்டுமே. காலையில் மாணவர் கூட்டம் வரும். காது கேட்கிறதா என்று சோதிக்க இரும்புக் கவை ஒன்று உண்டு. தட்டினால் ரீங்கரிக்கும். தட்டித் தட்டித் தேய்ந்துவிடக் கூடாது என்பதால் அதைத் தட்டாமலே காதருகே பிடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"கேக்குதா?" என்று கேட்டாள் கலையரசி.

"நீ தட்டவே இல்லையேடி!"

கலையரசி பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தாள். "நோயை ஒத்துக்காததும் நோயோட அறிகுறிதான்" என்று அவர் விளக்கினார். கூட்டம் தலையாட்டியது. "என்னிக்கு இது கேக்குதுன்னு சொல்றாங்களோ, அன்னிக்கு குணமாயிட்டாங்கன்னு அர்த்தம். அன்னிக்கே பாஸும் போட்டுடலாம்."

கலையரசி குனிந்து, "கேக்குதுன்னு சொல்லிட்டு வாயேன்டி, பேஜாரா இருக்கு உன்ன இப்படிப் பாக்க" என்று முணுமுணுத்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. சொல்லிவிடுவோமோ என்று தமிழ்மொழிக்கே தன்மேல் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் பொன்னி வாளியோடு ஓடிவந்தாள். "பாப்பா, கூப்ட்டா கண்ணு தொறக்குறாரு, ஒடனே மூடிக்கிறாரு. நர்ஸம்மா வந்து வாயத் தொறந்து மாத்திரய போட்டுட்டு போவுது. எனக்கு ஒன்னும் புரியல. நீதான் ஏதாச்சும் பண்ணணும்."

தமிழ்மொழிக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒலக்கூர் வேனின் ஹாரன் கேட்டது. அன்றைய நோயாளிகள் குணமாகும் நேரம் நெருங்கிவிட்டது. பச்சை அங்கியோடு வார்டுகளிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கியை வேனில் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

"அக்கா, அண்ணனை எழுப்பு. ஜல்தி."

நாலாம் படுக்கை வார்டு வாசலில் காவலாளி எழுந்தான். பொன்னியும் தமிழ்மொழியும் சின்னக்கண்ணுவை இருபக்கமும் தாங்கிக்கொண்டு, கால்முறிவுக்காரர்களின் வரிசைக்குள் புகுந்துவிட்டார்கள். அந்த வரிசையில் நன்றாக நடக்க முடியாமல் போனவர் அவர் ஒருவர்தான். "யோவ், டியூட்டி முடிஞ்சிச்சுய்யா, இன்னும் என்ன நடிப்பு?" என்று சிரித்தபடி காவலாளி வழிவிட்டான்.

திண்டிவனத்தில் இறங்கி, ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே நிற்க இடமில்லாமல் சனம். இருமல், அழுகை, தூக்குக் கட்டில், ஒரு பாம்புக்கடி. டியூட்டியில் இருந்த பெண் மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ஈசிஜி எடுத்தார், ஊசி போட்டார், பொன்னி மடியில் முடிந்து வந்திருந்த மாத்திரைகளைக் குப்பையில் போட்டார். "நீ படிக்கிற பொண்ணா? இந்தக் கையைப் புடி. நாடி எறங்கினா கத்து" என்று தமிழ்மொழியிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தமிழ்மொழி பிடித்துக்கொண்டாள். கைகழுவ எங்கும் பளிங்குத் தொட்டி இல்லை.

விடிந்து வெயில் ஏறியபோது நாடி சீராகியிருந்தது. சின்னக்கண்ணு கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார். "வெள்ளச் சுண்ணாம்பு" என்றார். பொன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். தமிழ்மொழி அவர் மணிக்கட்டை விடவே இல்லை. இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. பொன்னியின் கைப்பேசியை ஒரு கையால் வாங்கிக் கலையரசிக்குப் போட்டாள்.

"அங்க எங்களைத் தேடறாங்களாடி?"

"எதுக்குத் தேடணும்?" என்றாள் கலையரசி. "இப்பதான் ரவுண்ட்ஸ் முடிஞ்சு வர்றோம்."

"நாலாம் படுக்கை?"

"பார்த்தோமே. ராஜசேகர் சார் ரொம்ப நேரம் எடுத்துச் சொல்லிக்குடுத்தாரு."

"அவரு இங்கதான்டி இருக்காரு. என் பக்கத்துல. கையைப் புடிச்சுக்கினு இருக்கேன்."

"அப்படியா" என்றாள் கலையரசி மெல்ல. "ஆனா கேட்டுதுடி. நேத்தைவிட நல்லா கேட்டுது." பிறகு அவள் குரல் பளிச்சென்று மாறியது. "அதவிடு. உன் வார்டுக்கும் போனோம். உன் படுக்கைகிட்ட கவையைப் புடிச்சோம். நீ கேக்குதுன்னு சொல்லிட்டியாம். சார் சொன்னாரு. பாஸ் போட்டுட்டாங்க. நீ டாக்டர்டி!"

தமிழ்மொழி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள்.

"யாரு பாப்பா போன்ல?" என்று கேட்டார் சின்னக்கண்ணு. "முகமே செத்துப்போச்சு?"

"காலேஜ்லேந்துதான் அண்ணே. என்னை டாக்டர் ஆக்கிட்டாங்களாம்."

சின்னக்கண்ணு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. "அப்டிங்களா" என்றார் மரியாதையாக. பிறகு அவள் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டு, போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.